எவரும் மிதிக்காமலே உடைந்த சரிவு: துந்திக்கு மேலே பார்த்த பலகைப் பனிச்சரிவைப் பற்றி

குண்டளை எழுதியது:

கடந்த பிப்ரவரி மாதக் கடைசி வாரத்தில், மணாலிக்கு மேலே துந்தியிலிருந்து பியாஸ் குண்டை நோக்கிச் செல்லும் பள்ளத்தாக்கில், மனிதர் எவரும் கால் வைக்காத ஒரு சரிவு தானாகவே உடைந்து இறங்கியதை நாங்கள் ஐந்து பேர் ஆற்றின் மறுகரையில் நின்று பார்த்தோம். பனிமலையைப் பற்றிய செய்தியை மூணாறு, தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழர்கள் கூடும் இந்தக் குழுமத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தச் சரிவை உடைத்தது, நம் பக்கத்தில் ஜனவரி மாதம் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிற அதே உறைபனிதான்.

முதலில் எங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சறுக்குப்பலகையின் அடியில் ஒரு திசையில் மட்டும் வழுக்கும் மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு மலை ஏறுவது, மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது. கம்பிவண்டியோ செப்பனிட்ட பாதையோ இல்லாத இடங்களில் இப்படித்தான் பயணம் நடக்கும். எங்களில் நான்கு பேர் பயிற்சி முடித்தவர்கள். ஐந்தாமவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆடு மேய்த்து வளர்ந்த வழிகாட்டி. ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் துடித்து, புதைந்தவரைக் கண்டறிய உதவும் டிரான்சீவர் ஒன்றும், பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் கம்பி ஒன்றும், மண்வெட்டி ஒன்றும் இருந்தன.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன் ஒரு வாரத்துக்கும் மேலாக வானம் தெளிவாக இருந்ததாக வழிகாட்டி சொன்னார். பகலில் நல்ல வெயில்; இரவில் காற்றில்லாத கடுங்குளிர். நாங்கள் போன முதல் நாள் காலையில் பழைய பனியின் மேற்பரப்பு முழுவதும் விரல் நகம் அளவுக்கு இறகுபோன்ற உறைபனிப் பளிங்குகள் செங்குத்தாக நின்றிருந்தன. சறுக்குப்பலகை பட்டதும் அவை கண்ணாடித் துகள் நொறுங்குவதுபோல் ஒலித்தன. அவ்வளவு அழகாக இருந்ததால் நான் குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டியின் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. "இதன் மேல் புதுப்பனி விழுந்தால் ஒரு மாதம் ஆனாலும் நம்மை உறங்கவிடாது" என்றார். அன்று மாலையே மத்தியத்தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுக் கலக்கம் வந்து சேர்ந்தது. மூன்று நாட்கள் பனி கொட்டியது.

மழை ஓய்வதுபோல் அது ஓய்ந்த நாளில் நாங்கள் மேலே ஏறவில்லை. வடக்கு நோக்கிய, உயரம் குறைந்த ஒரு சிறு மேட்டில் இடுப்பளவுக்குக் குழி வெட்டிப் பார்த்தோம். குழியின் சுவரில் புதுப்பனி ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் கனத்தில், காற்று அடித்து இறுக்கிய பலகைபோல் நின்றது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், பென்சில் கோடு கிழித்ததுபோல் ஒரு மெல்லிய வரி. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நான் படம் எடுத்த அதே இறகுகள் அங்கே சாயாமல் நின்றுகொண்டிருந்தன. 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தூணை வெட்டித் தனிப்படுத்தி, ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டிப் பார்ப்பது ஒரு சோதனை. பன்னிரண்டாவது தட்டிலேயே, முழங்கை வீச்சின் தொடக்கத்தில், தூண் முழு அகலத்துக்கும் அந்த வரியில் அறுந்து என் மடியில் வழுக்கி விழுந்தது. அறுந்த பரப்பு மேசைபோல் வழவழப்பாக இருந்தது. அதற்குப் பிறகு விவாதிக்க ஏதும் இல்லை. மறுநாள் 25 பாகைக்கு மேற்பட்ட எந்தச் சரிவிலும் ஏறுவதில்லை, அப்படிப்பட்ட சரிவுக்குக் கீழேயும் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் காலை 9.40 மணிக்குப் பகர்தாச் மேய்ச்சல் வெளியின் ஓரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கச் சரிவில் வெயில் இன்னும் படவில்லை. ஆனால் முகட்டில் காற்று எழுந்து, கூரைப் புகைபோக்கியிலிருந்து புகை போவதுபோல் பனித்தூள் நம் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது ஓசைதான். இடியைப்போல் வெடிக்காமல், பெரிய மரக்கதவை ஓங்கிச் சாத்தியதுபோல் அடங்கிய ஒலி. நிமிர்ந்து பார்ப்பதற்குள் முகட்டுக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு ஓடி முடிந்துவிட்டது. அது ஓடியதை நான் பார்க்கவில்லை, ஓடி முடிந்த கோட்டைத்தான் பார்த்தேன். அடுத்த கணம் கோட்டுக்குக் கீழே இருந்த வெள்ளை முழுவதும் ஒரே விரிப்பாக நகர்ந்தது, பின்பு ஓடுகளாக உடைந்தது, பின்பு புகைக்குள் மறைந்தது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. பனித்தூள் ஆற்றைத் தாண்டி எங்கள் முகத்தில் ஈரமாகப் பட்டது. கட்டிகள் ஆற்றங்கரைக்கு வெகு அருகில் வந்து நின்றன.

தூரமானியும் சாய்வுமானியும் கொண்டு எடுத்த அளவுகள் வருமாறு: வெடிப்பின் நீளம் ஏறத்தாழ 150 மீட்டர், மேல்விளிம்புச் சுவரின் உயரம் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது, உடைந்த இடத்தின் சாய்வு 38 பாகை. உடைந்த பலகை சரிவின் போக்கில் 200 மீட்டர் இருந்தது என்று கொண்டால், 18,000 கனமீட்டர் பனி. ஒரு கனமீட்டருக்கு 200 கிலோ என்று வைத்தாலும் 3,600 டன். இந்த எடையை அசைத்தது, முகட்டில் காற்று கொண்டுவந்து சேர்த்த சில பிடித் தூளாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் அருகில் போகவில்லை. பக்கத்திலேயே உடையாத மற்றொரு கிண்ணம் (கிண்ணம்போல் குழிந்த மலைச்சரிவு) அதே சாய்வில், அதே சுமையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவாரை எழுதியது:

தம்பி, எழுதியதை இரண்டு முறை படித்தேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவன் என்பதால் உறைபனியைப் பற்றி எனக்குச் சில அனுபவங்கள் உண்டு. வானம் தெளிந்து, காற்று அடங்கி, காலடியில் ஈரம் இருக்கும் இரவுகளில்தான் அது விழும். மேகம் மூடிய இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும் விழாது. மேட்டில் இருக்கும் செடி தப்பிக்கும். ஓடை ஓரத்துத் தாழ்வில் இருக்கும் செடி கருகும். இளங்கன்றுகளின் மேல் பெரணியைப் போட்டு மூடினால், வானத்தைப் பார்க்காத கன்று பிழைத்துக்கொள்ளும். செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும்போது, நம் வெப்பமானி சுழியத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகை காட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே விதிதானா? வெயிலில் ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகும் பொருள், பனிக்கு அடியில் மூன்று நாட்கள் எப்படி நிற்கிறது?

குண்டளை எழுதியது:

அண்ணாச்சி, அங்கேயும் அதே விதிதான். தெளிந்த இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுவதால், புல்லின் நுனியோ பனியின் மேற்பரப்போ தன் மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி தண்ணீராகாமல் நேரே பளிங்காகப் படிகிறது. உங்கள் வெப்பமானி மூன்று பாகை காட்டியதும் அதனால்தான். அது காற்றின் வெப்பத்தை அளந்தது, புல்லின் வெப்பத்தை அளக்கவில்லை. இமயத்தில் புல்லுக்குப் பதிலாகப் பனியே விரிப்பாக இருக்கிறது.

வித்தியாசம் பகலில்தான். இங்கே வெயில் வந்ததும் உறைபனி போய்விடுகிறது. அங்கே வடக்கு நோக்கிய சரிவில் குளிர்காலத்தில் வெயில் மிகக் குறைவாகவே படுகிறது. அதனால் அது இரவுக்கு இரவு வளரும். புதுப்பனி மெதுவாக, காற்றில்லாமல் விழத் தொடங்கினால் இறகுகள் முறியாமலே மூடப்பட்டுவிடும். மூடியபின் அவற்றைக் கரைக்க வெயிலும் இல்லை, கலைக்கக் காற்றும் இல்லை. நின்ற நிலையிலேயே மேலுள்ள பாரத்தை வாரக்கணக்கில் தாங்குகின்றன. ஓரிடத்தில் அவை நசுங்கினால் மேலுள்ள பலகை ஒரு துளி கீழே இறங்கும். அந்த இறக்கம் பக்கத்து இறகுகளை நசுக்கும். இப்படியே வினாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் வெடிப்பு பரவும். சமதளத்தில் நிகழ்ந்தால் "உம்" என்று ஒரு ஒலியோடு நின்றுவிடும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நிகழ்ந்தால் பலகை கிளம்பிவிடும்.

வட்டவடை ஆசிரியர் எழுதியது:

பள்ளியில் புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்லைப் பற்றி ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் மொழியில் "பனி" என்ற ஒரே சொல் மார்கழி விடியலில் இலையில் நிற்கும் துளிக்கும், ஓடையின் மேல் மிதக்கும் மூட்டத்துக்கும், கொழுந்தைக் கருக்குவதற்கும், இமயத்தில் கொட்டுவதற்கும் வந்துவிடுகிறது. இத்தனை காலம் கடலையும் மழையையும் பார்த்து வாழ்ந்த மொழிக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் செய்தித்தாள்கள் மலையில் எது சரிந்தாலும் "பனிப்பாறை சரிந்தது" என்று எழுதிவிடுகின்றன. பனிப்பாறை என்பது நூற்றாண்டுக்கணக்கில் இறுகி ஆறுபோல் நகரும் உறைமலை. நீங்கள் பார்த்தது மூன்று நாள் வயதான பனி. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்? "பலகைப் பனிச்சரிவு" என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரிந்து இறங்கும் உதிரிப் பனியிலிருந்து இது வேறு என்பது அந்தப் பெயரிலேயே விளங்குகிறது.

மற்றொரு கேள்வி. எவரும் மிதிக்காமல் உடைந்தது என்று அழுத்திச் சொல்கிறீர்கள். அது அவ்வளவு முக்கியமானதா?

குண்டளை எழுதியது:

மிகவும் முக்கியம், ஐயா. பனிச்சரிவில் உயிரிழக்கும் சறுக்குப் பயணிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், தாங்களோ தம் குழுவினரோ தூண்டிய சரிவில்தான் சிக்குகிறார்கள் என்று மேலைநாட்டுப் பதிவுகள் காட்டுகின்றன. சரிவு உடைவதற்கு வழக்கமாக ஒரு மனிதனின் எடை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். அந்தக் கூடுதல் எடைகூட இல்லாமல் சரிவு உடைகிறது என்றால், அந்தத் திசையில், அந்த உயரத்தில், அதே சாய்வில் இருக்கும் எல்லாச் சரிவுகளும் அதே விளிம்பில் நிற்கின்றன என்று பொருள். வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. நாங்கள் வெட்டிய குழி ஒரு மேட்டைப் பற்றி மட்டும் சொன்னது. இந்தச் சரிவு பள்ளத்தாக்கு முழுவதையும் பற்றிச் சொன்னது.

ஆகவே அன்று செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒன்று, வந்த தடத்திலேயே திரும்புவது. மற்றொன்று, பார்த்ததை உடனே கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது. மணாலியில் 1969 முதல் பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒன்று பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கிவந்தது. 2020இல் அது வேறொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, இப்போது பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆனால் எந்த அறிக்கையும் ஒரு மாவட்டம், ஒரு உயரம் என்ற அளவில்தான் பேச முடியும். இந்தக் கிண்ணம் இன்று காலை உடைந்தது என்பதை அங்கே நின்றவர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மாலையில் மூன்று குழுக்களிடம் படத்தோடும் அளவுகளோடும் சொன்னோம். அவர்களில் ஒரு குழு அதே முகட்டுக்கு மறுநாள் போவதாக இருந்தது.

மறையூர்ப் பழைய சிப்பாய் எழுதியது:

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, அதில் இரண்டு குளிர்காலங்களைக் காஷ்மீரின் வடக்கு எல்லையில் கழித்தவன். சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தால் விடிவதற்கு முன் கடப்போம். ஒருவர் மறுபக்கம் சேர்ந்த பிறகே அடுத்தவர் இறங்குவார். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிடுவோம். இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்போம். ஆள் புதைந்தாலும் கயிறு மேலே மிதக்கும் என்ற நம்பிக்கை. மின்கருவி வராத காலத்தில் அதுவே எங்களுக்கு டிரான்சீவர்.

2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சினில், 19,000 அடிக்கு மேலிருந்த சோனம் காவல்நிலையின் மேல் உறைபனிச் சுவர் இடிந்து விழுந்தபோது புதைந்த பத்துப் பேரும் 19ஆவது மெட்ராஸ் படைப்பிரிவினர். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் நம் மலைக்குக் கீழே இருக்கும் தேனி மாவட்டத்தவர். கொல்லம் மாவட்டத்தவர் ஒருவரும் இருந்தார். கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11ஆம் நாள் தில்லியில் இறந்தார். அந்த ஆறு நாட்களும் நான் வீட்டில் வானொலிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பனிச்சரிவு நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் மறையூரிலும் பையன்கள் இன்றும் படைக்குச் சேர்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்களுக்கு இந்தச் சொற்கள் புரிய வேண்டும்.

தம்பிக்கு ஒரு கேள்வி: எங்கே நின்று தேநீர் குடிப்பது என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? கட்டிகள் ஆற்றங்கரை வரை வந்தன என்கிறீர்கள். அது எனக்குச் சற்று நெருக்கமாகத் தோன்றுகிறது.

குண்டளை எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நின்ற இடத்திலிருந்து முகட்டைச் சாய்வுமானியில் பார்த்து, கோணம் 18 பாகைக்கும் குறைவாக இருந்ததால் அங்கே நின்றோம். பெரும்பாலான பனிச்சரிவுகள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும் என்பது வழிகாட்டிகள் பின்பற்றும் கணக்கு. ஆனால் அது பெரும்பாலானவற்றுக்கான கணக்குத்தான். மிகப் பெரிய சரிவுகள் அதையும் தாண்டும். தூள் எங்கள் முகம் வரை வந்தபோது, இன்னும் நூறு மீட்டர் பின்னால் நின்றிருக்க வேண்டும் என்று ஐவருமே உணர்ந்தோம்.

பீர்மேட்டுச் செவிலியர் எழுதியது:

மருத்துவப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பனிக்குள் புதைந்தவர் குளிரால்தான் சாகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் மோதி அடிபட்டு இறப்பவர்கள் போக, மற்றவர்களில் பெரும்பான்மையோர் மூச்சடைத்துத்தான் இறக்கிறார்கள். வாயில் பனி புகுந்து அடைக்கும். அடைக்காவிட்டாலும் வெளிவிடும் மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றி உறைந்து ஒரு மூடிபோல் ஆகிவிடும். பிறகு அவர் தன் கரியமிலவாயுவையே திரும்பத் திரும்ப இழுக்க நேரிடும். முழுவதும் புதைந்தவர்களைப் பற்றிய சுவிட்சர்லாந்துக் கணக்குகளின்படி, முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். 35ஆவது நிமிடத்தில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பிற்காலக் கணக்குகள் முதல் எல்லையைப் பத்து நிமிடம் என்றே சொல்கின்றன. ஹெலிகாப்டர் வரும், மீட்புப் படை வரும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் அடங்காது. பக்கத்தில் நின்ற தோழனின் கையில் மண்வெட்டி இருந்ததா என்பதே கேள்வி. ஹனுமந்தப்பா ஆறு நாட்கள் தாங்கியது, கூடாரத்தோடு சேர்ந்து அகப்பட்ட காற்று அவரைச் சுற்றி இருந்ததால்தான் என்று அப்போது சொன்னார்கள்.

தம்பி, அந்தக் கட்டிகளின் மேல் நடந்து பார்த்தீர்களா? ஓடி நின்றதும் பனி சிமென்டைப்போல் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது என்று படித்திருக்கிறேன்.

குண்டளை எழுதியது:

அன்று நடக்கவில்லை, அக்கா. இரண்டு நாட்களுக்குப் பிறகு, பக்கத்துக் கிண்ணமும் இரவில் இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு, கட்டிகளின் விளிம்பு வரை போனோம். சறுக்குப்பலகையின் இரும்பு ஓரம்கூட அதில் பதியவில்லை. மண்வெட்டியால் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பார்த்தேன். இரண்டு பேர் மாறி மாறித் தோண்டியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. மெத்தைபோல் விழுந்த அதே பனி, ஓடும்போது உரசி நொறுங்கி, நின்ற கணத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

ராஜமலை எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். குண்டளை அண்ணன் எழுதியதில் பிழை காணவில்லை. என்றாலும் எனக்குள் இருப்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை இறங்கியபோது என் சித்தப்பா குடும்பம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், உறங்கிக்கொண்டிருந்தது. எழுபது பேர் போனார்கள். நான்கு பேரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்களில் பலரின் சொந்த ஊரான தூத்துக்குடி மாவட்டக் கயத்தாற்றுப் பக்கத்து ஊர்களில் ஒரே தெருவில் பல வீடுகளில் துக்கம் விழுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. நீங்கள் மூன்று நாட்கள் காத்திருந்தீர்கள், குழி வெட்டினீர்கள், பன்னிரண்டு முறை தட்டினீர்கள், போக வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். எங்களுக்கு அந்த முடிவு இருக்கவில்லை. சரிவுக்குக் கீழே போவதில்லை என்று நீங்கள் எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். எங்கள் வீடே சரிவுக்குக் கீழேதான் இருந்தது. விரும்பிப் போகிற மலையையும் பிழைப்புக்காக இருக்கிற மலையையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

குண்டளை எழுதியது:

முடியாது, தம்பி. உங்கள் சித்தப்பா குடும்பத்தைப் பற்றி அறிந்து மனம் கனத்துப் போனேன். நான் எழுதும்போது அந்த வரியை உங்கள் இடத்திலிருந்து படித்துப் பார்க்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லித் திரும்பக்கூடிய இடத்துக்குப் போனேன். அந்த உரிமை இல்லாதவர்களிடம் 25 பாகை, 38 பாகை என்று பேசுவது போதாது.

இயல்பாலும் இரண்டும் ஒன்றல்ல. உலர்ந்த பனிப்பலகை அடியில் உள்ள அடுக்கு நசுங்குவதால் கிளம்புகிறது. நம் மலையில் பாறையின் மேல் போர்த்தியிருக்கும் மண் மழைநீரைக் குடித்துக் குடித்து நிறைகிறது. துளைகளில் நிற்கும் நீரின் அழுத்தம் ஏறும்போது மண்ணுக்கும் பாறைக்கும் இடையே இருந்த பிடி விட்டுப்போகிறது. அங்கே குழி வெட்டி வரியைப் பார்க்கலாம். இங்கே அது மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஆனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டிலும் சரிவு ஓர் இரவில் உருவாவதில்லை. சுமை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளக்க முடியும். அங்கே ஆய்வு நிலையங்கள் குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் பனியின் உயரத்தை அளக்கின்றன. நம் லயங்களுக்கு மேலே உள்ள சரிவுகளில் அப்படி யார் அளக்கிறார்கள் என்று கேட்கத்தான் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

வட்டவடை ஆசிரியர் எழுதியது:

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் வயநாடு மாவட்டம் முழுவதும் மழைமானிகளைப் பரப்பி, உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் எடுக்கும் அளவுகளைத் தொகுத்துவருகிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிவதற்கு முந்தைய நாளே, அந்த அளவுகளைக் கொண்டு அபாயம் இருப்பதாக அவர்கள் தெரிவித்தார்கள். தெரிவித்தது மக்களை நகர்த்தவில்லை என்பது பெருந்துயரம். ஆனால் அளவு இருந்தது. ஒரே மழை நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் 300 மில்லிமீட்டரும் அடுத்த முகட்டுக்கு அப்பால் அதில் பாதியும் பெய்யும் நம் மலைகளில், நகரத்தில் வைத்திருக்கும் ஒரு மானி எல்லாருக்காகவும் பேச முடியாது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது என்று வகுப்பில் சொல்கிறோம். அதே பள்ளத்தாக்கின் நேற்றைய மழை எவ்வளவு என்று கேட்டால் எந்த மாணவனாலும் சொல்ல முடியவில்லை. வரும் ஜூன் முதல் எங்கள் பள்ளியில் காலை எட்டரை மணிக்கு மழை அளக்கப் போகிறோம். அளவை இந்த இழையிலேயே பதிவேன்.

பெரியவாரை எழுதியது:

நானும் வீட்டு முற்றத்தில் ஒன்று வைக்கிறேன். தோட்டத்து மழைமானியை முப்பத்துநான்கு ஆண்டுகள் படித்த பழக்கம் இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மழை அளவோடு ஓடையையும் பாருங்கள். விடாமல் மழை பெய்யும்போது ஓடை திடீரென்று வற்றினாலோ, தெளிந்திருந்த ஊற்று கலங்கினாலோ, அந்த ஓடையின் ஓரத்தில் இரவு தங்கக் கூடாது. அப்படியான அறிகுறியைப் பார்த்து ஒருமுறை ஒரு லயத்தை இரவோடு இரவாகக் காலி செய்ய வைத்திருக்கிறேன். அன்று ஒன்றும் விழவில்லை. பலர் என்னைத் திட்டினார்கள். இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

ராஜமலை எழுதியது:

நான் கோபத்தில் எழுதவில்லை என்பதை அண்ணன் புரிந்துகொண்டதற்கு நன்றி. எங்கள் இப்போதைய குடியிருப்புக்கு மேலே, பழைய குதிரைப் பாதைக்குக் குறுக்கே, போன மழையில் ஒரு வெடிப்பு விழுந்தது. கோடையில் புல் மூடிவிட்டது. ஆனால் கையை விட்டால் முழங்கை வரை போகிறது. நீளம் முப்பது அடிக்குமேல் இருக்கும். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டோம், வந்து பார்த்தவர் யாரும் இல்லை. நீங்கள் வந்து பார்ப்பீர்களா?

குண்டளை எழுதியது:

வருகிறேன், தம்பி. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குடியிருப்பில் இருப்பேன். மறையூர் ஐயாவும் உடன் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். நான் மண்ணியல் படித்தவன் அல்லன். ஆகவே இது ஆபத்து அல்லது ஆபத்து இல்லை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அளவு எடுக்க முடியும். மழைக்கு முன் எடுத்த அளவும் மழையில் எடுத்த அளவும் எழுத்தில், தேதியோடு, படத்தோடு இருந்தால், மாவட்ட நிர்வாகத்திடம் கொடுக்கும் மனுவை எவரும் எளிதில் ஒதுக்க முடியாது.

நீங்கள் அதற்குள் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) கம்பில் முக்கால் அடி நீளத்துக்கு எட்டு முளைகள் சீவி வையுங்கள். வெடிப்பின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என நான்கு இடங்களில் எதிரெதிராக அடித்து, ஒவ்வொரு முளையின் தலையிலும் ஓர் ஆணி அறைந்து, ஆணிக்கும் ஆணிக்கும் இடையே மில்லிமீட்டரில் அளப்போம். வெடிப்புக்குள் மழைநீர் இறங்காமல் மூட ஒரு தார்ப்பாயும் வேண்டும். அதை நான் கொண்டுவருகிறேன். மழை தொடங்கியபின் காலையும் மாலையும் யார் அளப்பது, இடைவெளி கூடினால் இரவில் எந்த வீடுகளை முதலில் எழுப்புவது, எந்தப் பாதையில் வெளியேறுவது என்பதைக் குடியிருப்பில் உள்ள பெண்களையும் உட்கார வைத்து அன்றே பேசி முடித்துவிடலாம்.